ஒன்றரைக் கட்டை ஏறிய பாட்டு

கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்காரர்கள் குடியிருக்கும் அணுபுரத்தில் சும்மா மேடையேறிப் பாடிவிட்டு இறங்கிவிட முடியாது. இங்கே குடியிருப்பவர்களில் பாதிப்பேர் விஞ்ஞானிகள், மீதிப்பேர் இன்ஜினியர்கள். அதனால் எங்கள் குடியிருப்பின் பாட்டு நிகழ்ச்சியில் ஒரு வழக்கம் உண்டு. பாடுகிறவர் முதலில் இரண்டு நிமிடம் பாட்டைப் பற்றிப் பேச வேண்டும். சினிமாப் பாட்டு என்றால் ராகம், தாளம். வெளிநாட்டுப் பாட்டு என்றால் பின்னணி, வகை. பிறகு சபையிலிருந்து கேள்விகள். பதில் சொன்ன பிறகுதான் பாட்டு. ஒருமுறை தாலாட்டுப் பாட வந்த அம்மாவைக் கேட்ட கேள்வியில், பாட்டு தொடங்குவதற்குள் முன்வரிசைக் குழந்தைகள் எல்லாம் தூங்கிவிட்டன.

நான் விஞ்ஞானி இல்லை. விஞ்ஞானி என் மனைவி. நான் செங்கல்பட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, திருக்கழுக்குன்றத்தில் பெயின்ட் கடை வைத்திருப்பவன். பதினெட்டு வருஷமாக இந்தக் குடியிருப்பில் எனக்கு ஒரே பெயர்தான்: மேடம் வீட்டுக்காரர். பால் பூத்தில், நூலகத்தில், நடைப்பயிற்சியில், எல்லா இடத்திலும் அதே. மனைவியின் பெருமையில் எனக்குக் குறை எதுவும் கிடையாது. ஆனாலும் ஒருநாளாவது நானும் நானாக அந்த மேடையில் நிற்க வேண்டும் என்ற ஆசை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. இந்த வருஷத் தலைப்பு தொண்ணூறுகளின் பாட்டு என்று நோட்டீஸ் பலகையில் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே பெயர் கொடுத்துவிட்டேன்.

என் கையில் ஒரே ஒரு ராக் பாட்டு இருந்தது. கல்லூரிக் காலத்தில் செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் ஒரு கேசட் கடை. காலி கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து கொடுப்பார்கள். தமிழ்ப் பாட்டுக்கு முன்பக்கம் பளபளவென்று ஒரு மெஷின். இங்கிலீஷ் பாட்டுக்கு உள்ளறையில் தூசியோடு இன்னொன்று. அந்த உள்ளறை மெஷினில் பதிந்து வந்த பாட்டுதான் அது. கேசட் அட்டையில் கடைக்காரரே 'இங்கிலீஷ் ஃபாஸ்ட்' என்று வகை எழுதியிருந்தார். கேட்டால் கால் தரையில் நிற்காது. நானும் என் நண்பனும் ஹாஸ்டல் கட்டில்கள் மேலேறிக் குதித்துக் குதித்து மனப்பாடம் செய்தோம். அவன் கிட்டாரில் அதைப் பிடித்தான், நான் தொண்டையில் பிடித்தேன். அதன் பிறகு கேசட் போனது, கல்லூரி போனது, பாட்டு மட்டும் மண்டைக்குள் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

நண்பன் இப்போது செங்கல்பட்டில் பைக் மெக்கானிக். ஃபோன் செய்ததும் கிட்டாரோடு வந்து இறங்கினான். குடியிருப்பில் பொதுத்தேர்வுப் பிள்ளைகள் அதிகம் என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் மாமல்லபுரம் பக்கத்துக் கொக்கிலமேட்டுக் கடற்கரைக்குப் போய்ப் பயிற்சி செய்தோம். கடல் இரைச்சலை மிஞ்சிக் கத்த வேண்டியிருந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் முதல் வாரம் சிரித்தார்கள். மூன்றாவது வாரம் தலையாட்டினார்கள். ஐம்பதை நெருங்கும் வயதில் மணலில் குதித்துவிட்டு முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்வதில் இருக்கும் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு முன்னுரைக்குக் குறிப்பெடுக்கலாம் என்று, பாட்டை ஃபோனில் தேடிப் போட்டேன். முதலில் வேறு ஏதோ பாட்டு என்று நினைத்தேன். ஆமை வேகம். பாடுகிறவனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. கிட்டார் கனத்துக் கரகரக்கிறது. வரிகள் மட்டும் அதே வரிகள்.

படித்துப் பார்த்தேன். அந்த வகைக்கு கிரஞ்ச் என்று பெயராம். அமெரிக்காவில் மழை விடாத ஒரு நகரத்தில் கிளம்பியது. பங்க் ராக்கின் முரட்டுத்தனமும் ஹெவி மெட்டலின் பாரமும் கலந்தது. அடங்கித் தொடங்கிப் பல்லவியில் வெடிக்கும். இந்தப் பாட்டோ, சொந்த வீட்டிலேயே தன்னை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்று ஒருவன் புலம்புவது. அதைத்தான் நான் முப்பது வருஷமாகக் கட்டில் மேலேறிக் குதித்துப் பாடியிருக்கிறேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைப் பாடச் சொல்லி, ஃபோனில் மூலத்தைப் போட்டு, இரண்டையும் மாறி மாறிக் கேட்டாள்.

"சுருதி ஒன்றரைக் கட்டை ஏறியிருக்குங்க. கடைக்காரர் மெஷின் மெதுவா ஓடியிருக்கு. மெதுவா ஓடுற மெஷின்ல பதிஞ்சா, சரியான மெஷின்ல போடும்போது வேகமாத்தான் கேக்கும்."

முன்வரிசையில் அளவுக் கருவிகள் பிரிவுப் பெரியவர் ஒருவர் உட்காருவார். அளப்பதே அவர் தொழில். ஸ்வரம் இம்மி பிசகினாலும் கையைத் தூக்கிவிடுவார். அவர் முன்னால் நான் நானாக நிற்பதற்குப் பதில், மேடம் வீட்டுக்காரர் மானத்தை வாங்கிவிட்டார் என்று ஆகிவிடும். பெயரை வாபஸ் வாங்கிவிடலாமா என்று நண்பனைக் கேட்டேன். இல்லையென்றால் மெதுவாகவாவது பாடலாம் என்றேன்.

"இன்னா மச்சான், இந்த வயசுல புச்சா கத்துக்க சொல்றியா? நம்ம காதுல இது இப்டித்தான் வந்து வுழுந்துச்சு. அப்டியே எட்த்துக்கினு போய் பாடு. கேட்டா உண்மைய சொல்லிடு."

அப்படியே செய்தேன். மேடையேறி, மைக்கைப் பிடித்து, வகை கிரஞ்ச் என்றேன், மழை நகரத்தைச் சொன்னேன், புலம்பலைச் சொன்னேன். பிறகு, இது மூலத்தின் பின்னணி, நான் பாடப்போவதன் பின்னணி செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்துக் கேசட் கடை என்று உள்ளறை மெஷின் கதை முழுவதையும் சொல்லிவிட்டேன். சபை சிரித்தது.

பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. கையைத் தூக்கினார். எழுந்தும் நின்றார். போச்சு என்று நினைத்தேன்.

"தொண்ணூறுகள்ல வேலைக்குச் சேர்ந்த புதுசுல நான் செங்கல்பட்டு லாட்ஜ்ல இருந்தேன். அந்தக் கடையிலதான் இதே பாட்டைப் பதிஞ்சேன். என் டேப் ரெக்கார்டர்தான் வேகமா ஓடுதுன்னு நினைச்சு, மூணு தடவை நானே பிரிச்சு பெல்ட் மாத்தினேன்" என்றார். பிறகு தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். "அந்த ரெக்கார்டர்ல ஒரு பழுதும் இல்லையா அப்போ? தூக்கிப் போட்டுட்டேனே. பாடுங்க சார். அந்த வேகத்துல கேட்டு ரொம்ப நாளாச்சு."

பாடினேன் என்று சொல்வதா, பறந்தேன் என்று சொல்வதா. நண்பன் கிட்டாரைக் கிழித்தான். பல்லவி வந்தபோது முன்வரிசையிலிருந்து இன்னொரு குரல் சேர்ந்தது, இம்மி பிசகாமல், அதே தப்பான வேகத்தில். பெரியவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார். இந்த உலகத்தில் அந்தப் பாட்டை அப்படிப் பாடத் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான், மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை மனைவி பால் பூத்துக்குப் போனாள். திரும்பி வந்து பாலை அடுப்பில் வைத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். வரிசையில் நின்ற புதுக் குடித்தனக்காரப் பெண் அவளிடம் கேட்டாளாம்:

"நீங்க அந்தப் பாட்டுக்காரர் வீட்டம்மாதானே?"

ஆமாம் என்று சொன்னாளாம். பால் பொங்கி வழிந்தது. நாங்கள் இருவருமே அடுப்பை அணைக்கப் போகவில்லை.