காலத்தில் பின்னால் போனால் எங்கே இறங்குவது

கள்ளக்குறிச்சியில் பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்து இயற்பியல் நடத்தியே தலை நரைத்தவன் நான். கரண்ட் போனாலோ, பஸ் நடுவழியில் நின்றாலோ, உடனே மனசுக்குள் பழைய காலத்துக்குக் கிளம்பிவிடுவேன். ஆயிரம் வருஷம் பின்னால் போய் அந்த ஜனங்களுக்கு மின்சாரத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் இன்றைக்கு நாம் எங்கேயோ இருப்போமே! இந்தப் பைத்தியம் எனக்கு வாலிபத்திலிருந்தே உண்டு.

போய் இறங்கினால்தான் என் லட்சணம் தெரியும். சோழ ராஜா முன்னால் நின்று பல்பு என்பேன். செய்து காட்டு என்பார். எனக்குச் செம்புக் கம்பி இழுக்கத் தெரியாது, கண்ணாடி ஊதத் தெரியாது. கரும்பலகையில் படம் போடத் தெரியும், அவ்வளவுதான். தலை தப்பினால் போதும் என்று அங்கிருந்து ஓடி வந்து, சரி, இருநூறு வருஷம் போதும் என்று சுருக்கிக்கொள்வேன். அங்கேயும் கை பிசைந்துகொண்டுதான் நிற்பேன். இப்படிக் குறுகிக் குறுகி என் பயணம் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த அந்த வாரம், எங்கள் ஊர் வழியாகப் போகிற கச்சிராயபாளையம் ரோடு.

உண்மையைச் சொன்னால், என் ஆயுசில் ஒரே ஒரு தொழில்நுட்பத்தைத்தான் நான் வேகப்படுத்தியிருக்கிறேன். அதுவும் அந்த வாரத்தில்தான்.

அப்போது நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகச் சாலை மறியல். கேட்டது நியாயம்தான், இன்றைக்கும் அதில் எனக்கு மறுபேச்சு கிடையாது. எங்கள் ஊரில் என்னைத் தவிர காலேஜ் வாசலை மிதித்தவன் ஒருவனும் இல்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் பெரிய புளியமரங்கள். அவற்றைச் சாய்த்துப் போடுவது என்று முடிவானது.

எங்கள் ஆட்கள் கரும்பு வெட்டுகிறவர்கள். மரத்தையும் கரும்பு வெட்டுகிற மாதிரியே சுற்றி நின்று ஆளாளுக்கு ஒரு பக்கம் கொத்தினார்கள். முதல் மரம் விழ மத்தியானம் ஆகிவிட்டது. விழுந்தும் ரோட்டில் பாதியைத்தான் அடைத்தது. ஓரமாக சைக்கிள் போக தாராளமாக இடம் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. படித்த திமிர் என்றுதான் சொல்ல வேண்டும். விழ வேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு மாதிரி ஒரு வெட்டு, எதிர்ப்பக்கம் கொஞ்சம் மேலே ரம்பம், கிளையில் கரும்பு லாரிக் கயிற்றைக் கட்டி இழுப்பு. வலது பக்கத்து மரத்தையும் இடது பக்கத்து மரத்தையும் ஒன்றின் தலை மேல் ஒன்று விழுகிற மாதிரி கணக்குப் போட்டுக் கொடுத்தேன். ஒருத்தர் ஒரு பீடி பிடித்து முடிப்பதற்குள் அடுத்த மரம் சாய்ந்துவிட்டது. கைதட்டினார்கள். "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்யா!" என்று ஒருத்தர் என்னைத் தூக்கிச் சுற்றினார். இருட்டுவதற்குள் எங்கள் ஊர் எல்லை முழுக்க ரோட்டை அடைத்துவிட்டோம். ஒரு ஆடு நுழைய வழி இல்லை.

ஊரே கோயிலில் கூடி, யார் வெட்டியது என்று கட்டின பெண்டாட்டியிடம்கூட வாய் திறப்பதில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தோம். மறுநாள் போலீஸ் வருகிறது என்று தெரிந்ததும் ஆம்பிளைகள் எல்லாரும் கரும்புக் கொல்லைக்குள் பதுங்கினோம்.

என் அக்காவைக் கல்வராயன் மலை அடிவாரத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. அங்கிருந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு எங்கள் ஊர் வழியாகத்தான் வர வேண்டும். நாங்கள் கொல்லைக்குள் கிடந்த அன்றைக்குத்தான் அவளுடைய ஒன்றரை வயசுப் பெண் குழந்தைக்கு வாந்தியும் பேதியும். மாமா சைக்கிளை மிதிக்க, அக்கா பின்னால் குழந்தையோடு உட்கார்ந்து வந்திருக்கிறாள். மற்ற ஊர் மரங்களை ஓரமாகச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். எங்கள் ஊர் மரங்களிடம்தான் முடியவில்லை. முதல் இரண்டு மரத்துக்கு சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக் கடந்திருக்கிறார்கள். பிறகு அதைப் போட்டுவிட்டு, கிளைக்குக் கிளை ஏறி இறங்கி, குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றி வந்திருக்கிறார்கள். ஒரு கை கொடுக்க ரோட்டில் ஆள் இல்லை. உச்சி வெயில். கடைசி மரத்தைத் தாண்டும்போது குழந்தைக்கு உயிர் இல்லை.

நான் கொல்லையை விட்டு வெளியே வந்தபோது புதைத்துவிட்டார்கள்.

செல்போன் கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தால், ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்திருந்தால் என்று எத்தனையோ வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். எல்லாம் வெறும் புளுகு. கொதித்து ஆறின தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்திருந்தால் ஆஸ்பத்திரி போகிற வரைக்கும் தாங்கியிருக்கும். ரேடியோவில் அப்போதே சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். நான் கேட்டிருந்தேன். அக்கா கேட்டதில்லை. புதிதாகக் கண்டுபிடிக்க எதுவுமே பாக்கி இல்லை. பின்னால் போனால் நான் எதையும் வேகப்படுத்த மாட்டேன். என் வாயை மூடிக்கொண்டு, அவர்களைக் கரும்பு வெட்டுகிற மாதிரியே கொத்த விட்டுவிடுவேன்.

போன மாசம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா போய்ச் சேர்ந்துவிட்டார், தனியாகத்தான் இருக்கிறாள். டிவியில் ஏதோ படம், ஒருத்தன் மெஷினில் ஏறிப் பழைய காலத்துக்குப் போகிறான். அக்கா டீயைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நெஜமாவே அப்டி ஒண்ணு இருந்தா நீ எங்கடா போவ?"

"ராஜா காலத்துக்கு" என்றேன்.

"நீ போவ. படிச்சவன்." டிவி சத்தத்தைக் குறைத்தாள். "நானா இருந்தா அன்னிக்குக் காலையில போயி எறங்குவேன். வூட்ட வுட்டு வெளியவே வரமாட்டேன். ரோடு பூரா மரம், எப்டியும் போய்ச் சேந்திருக்க முடியாது. நெழல்ல மடியில போட்டுக்கினு இருந்திருப்பேன். வெய்யில்ல தூக்கிக்கினு அலைஞ்சி நானே சாவடிச்சிட்டேன்டா எம்புள்ளய."

இத்தனை வருஷமாகத் தன்னையேதான் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்! அவள் ஆசையில்கூட ரோட்டில் மரங்கள் அப்படியே கிடக்கின்றன, மலை மாதிரி, யாரும் போட்டதாக இல்லாமல். மரம் வெட்டினதுக்குப் போட்ட போலீஸ் கேஸ் எப்போதோ முடிந்துவிட்டது. சத்தியம் செய்தவர்களில் பாதிப் பேர் உயிரோடு இல்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் பாரம் இறங்கும், என் தலையில் ஏறும். ஏற வேண்டிய தலைதான்.

"அக்கா" என்றேன்.

"இன்னாடா?"

"பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சி" என்றேன்.