பின் சக்கரத்தில் சங்கிலி

பனியில் வழுக்காமலிருக்க டயருக்குச் சங்கிலி மாட்டுவதை வீட்டிலேயே மூன்று முறை பழகியிருந்தேன். அப்படிப் பழகியதுதான் தப்பாகிவிட்டது.

டார்னெய்ட்டில் எங்கள் வீட்டு கராஜ், கார் நுழைந்தால் ஆள் பக்கவாட்டில்தான் நடக்க முடியும் என்கிற அளவு. கார் முகத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு நிற்கும். இங்கே ஜூலைதான் குளிர்காலம். அந்த வாரம் முழுக்க மழை. காரை வெளியே எடுக்காமல், ஷட்டரைப் பாதி ஏற்றிவிட்டு, கைக்கு எட்டிய பின் சக்கரங்களில் பழகினேன். வீடியோவில் ஒரு பெண் நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டு உள்ளங்கையைத் தட்டிக்கொண்டாள். எனக்கு முதல் நாள் நாற்பது நிமிடம் ஆனது. மூன்றாம் நாள் பதினொன்று. மூன்றரை வயது மகள் கதவருகே நின்று பார்த்துவிட்டு, “அம்மா, காருக்குக் கொலுசா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அவளுடைய கிண்டர் வகுப்பில் திங்கட்கிழமைகளில் வார இறுதியில் என்ன செய்தோம் என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். இரண்டு பேர் பனியில் சறுக்கிய கதையைச் சொல்லிவிட்டார்கள். இந்தக் குளிர்காலம் கட்டாயம் கூட்டிப் போகிறேன் என்று அவளுடைய அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் அவர் சிட்னியில் இருந்தார். ஆறு மாத ஒப்பந்த வேலை. ஞாயிறு மாலை விமானம் ஏறினால் வெள்ளி இரவு திரும்புவார். நாங்கள் போவதாக இருந்த சனிக்கிழமை, புது மென்பொருளை வெளியிடும் வேலை என்று அங்கேயே தங்கும்படி ஆகிவிட்டது.

அந்த வாரம்தான் ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கலாமா என்று அவரிடம் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவர் என்னை வற்புறுத்தவில்லை. “தனியா சமாளிச்சுக்குவியா? உனக்கு ஓகேன்னா மட்டும்தான்” என்றார். முதல் ஆறு மாதத்துக்கு முன்னும் இதையேதான் கேட்டார். அப்போது நான் உடனே ஓகே சொன்னேன். கேள்வி கேட்டால் பதில் தெரிந்திருக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் நான். தெரியவில்லை என்று சொல்ல எங்கள் பள்ளியில் யாரும் கற்றுத்தரவில்லை.

சமாளித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் வியாழக்கிழமைகளில் பக்கத்துக் கடைப் பெண்ணிடம் பை வேண்டாம் என்று சொன்னதுதான் அன்றைக்குப் பெரியவர்களிடம் நான் பேசிய ஒரே வார்த்தை என்பது இரவு பாத்திரம் கழுவும்போது தெரியவரும். இதைப் போய் ஒரு குறையாக எப்படிச் சொல்வது? வீடு இருக்கிறது, பிள்ளை நன்றாக இருக்கிறாள், அவர் தினமும் இரண்டு வேளை வீடியோவில் வருகிறார். எனக்கே நான் அதிகப்படியாக நினைக்கிறேனோ என்று இருந்தது. ஆகவே ஒன்று முடிவு செய்தேன். தனியாகக் காரோட்டிப் பனிமலைக்குப் போய் மகளைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டால், எனக்கு எல்லாம் முடியும் என்று அர்த்தம். அப்புறம் ஓகே சொல்லலாம்.

தயாரிப்பில் குறை வைக்கவில்லை. பழைய சங்கிலி ஜோடி ஒன்றை இணையத்தில் தேடி, டயரின் பக்கவாட்டில் பொறித்திருந்த எண்களோடு ஒத்துப் பார்த்து வாங்கினேன். மெக்கானிக்கிடம் காட்டி ரேடியேட்டர் தண்ணீர் உறையாமலிருக்கும் திரவம் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். கண்ணாடி துடைக்கும் தண்ணீரும் உறையாத வகையாக ஊற்றினேன். மலை மேல் நிறுத்தும்போது வைப்பர்களைத் தூக்கிவிடு, ஹேண்ட்பிரேக் போடாதே, உறைந்து ஒட்டிக்கொள்ளும், கியரை ‘பார்க்’கில் விட்டால் போதும் என்றார் அவர். அந்த ஹேண்ட்பிரேக் விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. லைசென்ஸ் தேர்வுக்குச் சொல்லிக்கொடுத்தவர் நிறுத்தியதும் பிரேக்கை இழுக்காவிட்டால் ‘ச்ச்’ என்று ஒரு சத்தம் எழுப்புவார்.

டிக்கியில் இரண்டு போர்வை, பிளாஸ்க்கில் வெந்நீர், மாற்று உடை மூன்று செட், தயிர் சாதம், ஒரு டார்ச். மண்வெட்டி எங்களிடம் கிடையாது. கோடையில் கடற்கரைக்கு வாங்கிய மகளின் சிவப்பு பிளாஸ்டிக் மண்வாரியை எடுத்து வைத்தேன். அதில் மணல் இன்னும் ஒட்டியிருந்தது. சக்கரம் வழுக்கினால் அடியில் போடச் சொரசொரப்பாக ஏதாவது வேண்டும் என்று படித்திருந்ததால், பாசுமதி அரிசி வந்த சணல் பை ஒன்றையும் மடித்து வைத்தேன். ஜிப் வைத்த நல்ல பை. பிறகு எதற்காவது ஆகும் என்று ஒரு வருடமாக வைத்திருந்தது.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். மூன்று மணி நேர ஓட்டம். மகள் பின் இருக்கையில் தூங்கினாள், விழித்தாள், பசிக்கிறது என்றாள், மறுபடி தூங்கினாள். மலையடிவாரத்து நுழைவில் நின்றவர், சங்கிலி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு இப்போது மாட்டத் தேவையில்லை என்று அனுப்பினார். மேலே கார்கள் நிறுத்தும் இடத்தில், ஓரமாகக் குவித்து ஒதுக்கியிருந்த பனிமேட்டை நோக்கிக் காரை முகப்பாக நிறுத்தினேன். வைப்பரைத் தூக்கினேன். ஹேண்ட்பிரேக் போடவில்லை. நடந்துபோகும்போது கார் உருண்டுவிட்டதா என்று மூன்று முறை திரும்பிப் பார்த்தேன்.

மகளுக்கு அந்த நாள் குறையில்லாத நாள். உட்கார்ந்து வழுக்கினாள், பனியைத் தின்றாள், கையுறையைத் தொலைத்தாள். என் உயரத்தில் பாதிக்கு ஓர் உருவம் செய்தோம். சுற்றிலும் எல்லாரும் இரண்டு மூன்று குடும்பங்களாக வந்திருந்தார்கள். அவர்களுடைய குழந்தைகளைப் படமெடுக்க என்னிடம் போனைக் கொடுத்தார்கள், நானும் எடுத்துக் கொடுத்தேன். எங்கள் இருவரையும் ஒன்றாக எடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மகளை மட்டும் பனி உருவத்தோடு எடுத்து அவருக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: “தனியாவே வந்துட்டோம். ஒரு பிரச்சனையும் இல்ல. நீங்க சைன் பண்ணிடுங்க.” மேலே சிக்னல் இல்லை. அந்தச் செய்தியின் ஓரத்தில் சின்னக் கடிகாரக் குறி அப்படியே நின்றது.

மதியத்துக்குப் பிறகு பனி கொட்டத் தொடங்கியது. இரண்டு மணிக்குக் காருக்குத் திரும்பியபோது, இறங்குகிற எல்லா வண்டிகளுக்கும் சங்கிலி கட்டாயம் என்று பலகை வைத்துவிட்டார்கள். நாலு மணிக்கு மேல் சாலை உறையும், அதற்குள் இறங்கிவிடுங்கள் என்று ஒருவர் ஒவ்வொரு காராகச் சொல்லிக்கொண்டு போனார். எனக்குப் பதற்றம் வரவில்லை. பழகியிருக்கிறேனே. மகளை உள்ளே உட்காரவைத்து, முழங்காலிட்டு, பின் சக்கரங்களில் சங்கிலியை மாட்டினேன். விரல்கள் மரத்துப்போயும் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தேன். உள்ளங்கையைக்கூடத் தட்டிக்கொண்டேன்.

ரிவர்ஸ் எடுத்தால் கார் நகரவில்லை. முன்பக்கம் ஒரு உறுமல், அவ்வளவுதான். இன்னும் அழுத்தினேன். முன் சக்கரங்கள் சுற்றிச் சுற்றிப் பனிக்குள் பள்ளம் பறித்தன. ஸ்டியரிங்கை நேராக வைத்து அழுத்தினேன், திருப்பி அழுத்தினேன். இறங்கிப் போய்ப் பிளாஸ்டிக் மண்வாரியால் தோண்டினேன். அதன் கைப்பிடி வளைந்தது. பக்கத்துக் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தன. மணி மூன்றாகப் போகிறது. மகள் கண்ணாடிக்குள்ளிருந்து அழ ஆரம்பித்தாள். “உள்ளயே இருடா கண்ணு, அம்மா இங்கயேதான் இருக்கேன்” என்று கத்தினேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

“தமிழோ?” என்று பின்னாலிருந்து கேட்டது. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், பெரிய நீல ஜாக்கெட். இரண்டு கார் தள்ளி அவர்களுடைய வண்டி இஞ்சினை ஓடவிட்டு நின்றது. “தனியவோ வந்தனீங்கள்?”

“ஆமாக்கா. ஹஸ்பெண்ட் சிட்னில இருக்காரு.”

“இவர் பக்கத்தில இருந்தும் நானும் தனியத்தான்” என்று தன் காரைக் காட்டினார். உள்ளே ஒருவர் தொப்பியும் சால்வையுமாக ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “குளிர் எண்டா கண்ணாடியும் இறக்கமாட்டார்.”

என் காரைச் சுற்றி வந்தவர் குனிந்து பார்த்தார். சிரிக்கவில்லை. “முன் சில்லெல்லோ சுத்துது. சங்கிலியை ஏன் பின் சில்லுக்குப் போட்டனீங்கள்?”

சில்லு என்றால் சக்கரம் என்பது அவர் நீட்டிய விரலில் புரிந்தது. என் காரில் இஞ்சின் திருப்புவது முன் சக்கரங்களைத்தான். எனக்கு அது தெரியும். எழுத்துத் தேர்வில் கேட்டிருந்தால் சரியாக எழுதியிருப்பேன். கைகள் கராஜில் பழகிய இடத்துக்கே போயிருந்தன. மூன்று நாள் பழகியபோதும் ஒரு முறைகூட இது எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் இன்றைக்கும் நம்ப முடியவில்லை.

இருவருமாகப் பின்னாலிருந்து கழற்றி, முன் சக்கரங்களைச் சுற்றிப் பனியைத் தோண்டி, சங்கிலியை மாற்றினோம். அவர் தங்கள் வண்டியிலிருந்து நிஜ மண்வெட்டி கொண்டுவந்தார். அரிசிப் பையின் தையலைப் பிரித்து இரண்டு துண்டாக்கி, சக்கரங்களுக்குப் பின்னால் செருகினோம். “நீங்கள் ஓடுறீங்களோ, நான் ஓடட்டோ?” என்று கேட்டார். பிள்ளையை விட்டுவிட்டு நான் எங்கே ஓடுவது என்று ஒரு கணம் விழித்தேன். வண்டி ஓட்டுவதைச் சொல்கிறார். நானே ஓட்டுகிறேன் என்று உள்ளே ஏறினேன்.

அவர் முன்னால் நின்று பானட்டில் கைவைத்துத் தள்ளத் தயாரானார். நான் ஆக்சிலரேட்டரைத் தொட்டதும், “ஆறுதலா, ஆறுதலா” என்றார்.

அந்தச் சொல் எனக்கு எங்கேயோ போய்ப் பட்டது. ஆறு மாதமாக யாரும் என்னிடம் சொல்லாத சொல். நான் யாரிடமும் கேட்காததும்கூட. பனியில் நின்றுகொண்டு முன்பின் தெரியாத ஒருவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்றால், என் முகத்தில் அப்படி என்ன தெரிந்திருக்க வேண்டும்? அவமானமாகவும் இருந்தது, கண்ணும் நிறைந்தது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று காட்டுவதற்காகவே அழுத்தி மிதித்தேன். சக்கரம் உறுமிச் சுழன்று, சணல் துண்டு அடியிலிருந்து பறந்து அவர் காலில் அடித்தது.

கண்ணாடியருகே வந்தார். “நான் ஆறுதலா எண்டு கத்தக் கத்த, நீங்கள் ஏன் அமத்துறீங்கள்?”

“எனக்கு ஆறுதல் எல்லாம் வேணாம்க்கா. நான் நல்லாத்தான் இருக்கேன்.” சொல்லும்போதே மூக்கிலிருந்து தண்ணீர் வழிந்தது.

அவர் ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்தார். அப்போதுதான் அந்த இன்னொரு காரின் கண்ணாடி நான்கு விரலளவு இறங்கியது.

“அவவுக்கு ஆறுதலா எண்டா அழாதைங்கோ எண்ட மாதிரி விளங்கும். மெல்ல எண்டு சொல்லும்.”

“உமக்கு எப்பிடித் தெரியும்?”

“இந்தியா நாடகம் பாக்கிறனெல்லோ.” கண்ணாடி மறுபடி ஏறிக்கொண்டது.

அந்த அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். அழுகையை நிறுத்தாமலே சிரிக்க முடிந்தது. அவர் கண்ணாடி வழியாகக் கையை நீட்டி என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். “எங்கட பக்கம் ஆறுதலா எண்டா அவசரமில்லாமல். உங்களை ஒருத்தரும் துரத்திக்கொண்டு வரேல்லை. மெல்ல எடுங்கோ.”

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கால் கட்டைவிரலால் மட்டும் அழுத்துவதுபோல் அழுத்தினேன். சங்கிலி சணலைக் கவ்வும் சத்தம் கேட்டது. கார் ஒரு சாண் பின்னால் வந்தது, பள்ளத்துக்குள் திரும்ப விழுந்தது, மறுபடி ஒரு சாண். மூன்றாம் தடவை மேலேறி நின்றது. மகள் அழுகையை நிறுத்திவிட்டு, “கொலுசு சத்தம்” என்றாள்.

சணல் துண்டுகளை அள்ளி டிக்கியில் போட்டுத் திரும்புவதற்குள் அவர்கள் வண்டி நகரத் தொடங்கிவிட்டது. அவருடைய பெயரையோ எண்ணையோ நான் கேட்கவில்லை. நன்றி சொன்னேனா என்பதும் உறுதியாக நினைவில்லை. பல நாள் அதையே யோசித்திருக்கிறேன். சொல்லியிருப்பேன், சொல்லாமல் எப்படி இருப்பேன் என்று சமாதானம் செய்துகொள்வேன்.

அந்த நீல ஜாக்கெட்டின் வண்டி முதல் இரண்டு வளைவுகள் வரை எனக்கு முன்னால் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. இருபது கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினேன். வெறும் தார்ச்சாலை தெரிந்ததும் சங்கிலி கழற்றுவதற்கென்று ஒதுக்கியிருந்த இடத்தில் நிறுத்தினேன். மணி நாலு ஆக ஐந்து நிமிடம் இருந்தது. மகள் தூங்கியிருந்தாள். முன் சக்கரங்களிலிருந்து சங்கிலியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து போனைப் பார்த்தேன். சிக்னல் இன்னும் இல்லை. கடிகாரக் குறி அப்படியே இருந்தது. “ஒரு பிரச்சனையும் இல்ல. நீங்க சைன் பண்ணிடுங்க.”

மலையிலிருந்து மகளைப் பத்திரமாக இறக்கிவிட்டேன். நானே வைத்துக்கொண்ட தேர்வில் நானே தேறியிருந்தேன். அந்தச் செய்தியை அப்படியே விட்டிருந்தால் அடுத்த ஊரில் தானாகப் போய்ச் சேர்ந்திருக்கும். விரலை அதன்மேல் வைத்து எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. வேண்டாத பயமோ, இல்லை இன்னும் ஒரு வருடம் என்னால் முடியாதோ என்று இரண்டு பக்கமும் யோசித்தேன். பிறகு அழித்தேன்.

ஊருக்குள் வந்ததும் ஒரு பேக்கரி வாசலில் நிறுத்தி அவரைக் கூப்பிட்டேன்.

“எப்படி இருந்துச்சு? போட்டோவே வரலையே?”

“மாட்டிக்கிட்டேன்.”

“எங்க? இப்பவா? பாப்பா எங்க?”

“பாப்பா தூங்குறா. இப்ப கீழ வந்துட்டோம். நீங்க சைன் பண்ணாதீங்க.”

அவர் சற்று நேரம் பேசவில்லை. இப்படிப்பட்ட நேரங்களில் நான்தான் ‘பரவாயில்ல, விடுங்க’ என்று அந்த இடத்தை நிரப்புவேன். அன்றைக்கு நிரப்பவில்லை. டிக்கியிலிருந்து ஈரச் சணலின் வாடை வந்துகொண்டிருந்தது.

“நேத்துகூட சமாளிச்சுக்கலாம்னுதானே சொன்ன?”

“சொன்னேன்.”

அந்தப் பக்கம் யாரோ அவரை அழைப்பது கேட்டது. அரை மணி நேரம் கழித்து வருவதாக அவர்களிடம் ஆங்கிலத்தில் சொன்னார். கதவு மூடும் சத்தம். “சரி, சொல்லு. மெதுவா சொல்லு” என்றார்.

சங்கிலியைப் பின் சக்கரத்தில் மாட்டியதிலிருந்து ஆரம்பித்தேன்.