தானாக விழும் சுவிட்ச்

கரண்டு வேலையில் ஒரு வசதி உண்டு: மேசன் கோணலாகக் கட்டிய சுவரை ஊரே பார்க்கும், நம்முடைய பிழை மட்டும் கூரைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். கம்பியோடு மல்லுக்கட்டிச் சோறு தின்கிறவர்களுக்கு இது புரியும். பதுளையிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் முப்பது வருஷமாக வயர் இழுக்கிறேன். எங்கள் பக்கத்தில் மேசன், தச்சன், கரண்டுக்காரன் எல்லோரும் ‘பாஸ்’தான். என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தோட்டம், பேர் வேண்டாம். அங்கே ஒன்பது வருஷத்துக்கு முந்திய தீபாவளியன்று ஒரு லயத்தில், அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில், ஆறு எரிந்தன. விளக்குச் சாய்ந்து பிடித்தது என்று எல்லோரும் சொல்வார்கள். போலீசார் எழுதிக்கொண்டதும் அதுதான். அதைச் சொன்னவர் பாக்கியம் அக்கா, தீ முதலில் பிடித்த வீட்டுக்காரர். அவர் சொன்னதை நம்பிவிட இத்தனை வருஷமாக முயன்று பார்க்கிறேன், முடியவில்லை. அந்த வீட்டுக்கு வயர் இழுத்தவன் நான்.

பண்டிகைக்கு முதல் நாள்

மூன்று நாள் அடைமழை. கொழும்பில் கடை வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லோரும் வந்து இறங்கியிருந்தார்கள். பாக்கியம் அக்கா வீட்டு மீட்டரிலிருந்து அடுத்த வீட்டு முனியாண்டிக்கும் ஒரு வயர் போயிருந்தது. லயத்தில் இது சாதாரணம். மீட்டர் கிடைக்காத வீட்டுக்குப் பக்கத்து வீடு கரண்டு கொடுக்கும், கறி கொடுப்பதைப் போல. அன்று ட்ரிப் சுவிட்ச் நிற்கவே இல்லை. கரண்டு எங்கேயாவது கசிந்தால் தானாக விழுந்து, வீட்டை இருட்டாக்கிக் காப்பாற்றுகிற சுவிட்ச் அது. தூக்கிவிட்டால் விழுந்தது. மறுபடி தூக்கினால் மறுபடி விழுந்தது. கூரைக்குள் எங்கோ வயரில் ஈரம் இறங்கியிருக்கிறது என்று தெரிந்தது. பார்க்க வேண்டுமானால் பரணில் அடுக்கிய விறகையெல்லாம் இறக்க வேண்டும். அரை நாள் வேலை. எனக்கு டவுனில் இன்னும் நாலு வீடு காத்திருந்தது.

முனியாண்டி வாசலில் நின்று, “வருசத்துல ஒரு நாள்தான் புள்ளைங்க வீட்ல இருக்குதுங்க, பாஸ். அன்னிக்குமா இருட்டுல உக்காரணும்?” என்றார். அவர் மகன் கொண்டுவந்திருந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டி பிரிக்கப்படாமல் கிடந்தது. நான் ட்ரிப் சுவிட்சைக் கழற்றி வைத்துவிட்டு வயர்களை நேரே முறுக்கிக் கட்டினேன். மூன்றாம் நாள் வந்து கூரையைப் பார்க்கிறேன் என்று சொன்னேன். பல்பு எரிந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். பாக்கியம் அக்கா மட்டும் கழற்றிய சுவிட்சைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இனிமே விழாதுல்ல, பாஸ்?”

மடுவத்தில்

மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும். லயமே கோயிலில் இருந்தது. ஆட்டுக்கறிச் சட்டிக்குக் காவலாக வீட்டில் தங்கிய முனியாண்டியின் மனைவிதான் பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்து புகை வருவதைப் பார்த்திருக்கிறார். உள்ளே பாக்கியம் அக்காவின் புருஷன் படுத்திருந்தார். வாதம் வந்து காலும் கையும் விளங்காத மனிதர். அவரைப் போர்வையோடு தரதரவென்று வெளியே இழுத்துப் போட்டது அந்த அம்மாதான். அந்த மனிதருக்கு இடது கை வெந்துவிட்டது, உயிர் தப்பியது. லயத்தில் வீடுகளுக்கு நடுவே சுவர் உண்டு, மேலே கூரைக்குள் சுவர் கிடையாது. ஆறு வீட்டுக்கும் ஒரே பரண். தீ அந்த வழியாக ஆறையும் முடித்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆறு குடும்பமும் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் உட்கார்ந்திருந்தது. எல்லார் உடம்பிலும் புதுத் துணி. மிச்சமிருந்தது அதுதான். போலீஸ்காரர் சிங்களத்தில் கேட்க, தோட்டத்துக் கிளாக்கர் தமிழில் சொன்னார். எப்படிப் பிடித்தது என்பது மட்டும்தான் கேள்வி. கரண்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். பாக்கியம் அக்கா தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு சொன்னார்.

“வெளக்குதாங்க. ஏத்தி வச்சுட்டு கோயிலுக்குப் போயிட்டேன். கரண்டு மேல ஒண்ணும் இல்லீங்க.”

தகரப் பெட்டி

பத்து நாள் கழித்துச் சாம்பல் அள்ள நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை. பாக்கியம் அக்காவின் தகரப் பெட்டி கட்டிலோடு சேர்ந்து கருகிக் கிடந்தது. கம்பியால் நெம்பித் திறந்தோம். உள்ளே கல்யாணச் சேலை. மேல் மடிப்பெல்லாம் கரி, உள் மடிப்பில் அரக்கு நிறம் அப்படியே இருந்தது. அதற்குள் சுற்றி வைத்திருந்தது அவருடைய பித்தளை விளக்கு. திரி போடுகிற இடம் துடைத்த துடைப்போடு பளபளத்தது.

அக்கா சட்டென்று அதை மடியில் வாங்கிக்கொண்டு, “இது வேற வெளக்கு” என்றார். பத்தடிக்குப் பன்னிரண்டடி வீட்டில், நான் வயர் இழுக்கப் போன நாளிலிருந்து பார்த்தது ஒரே விளக்குதான். எரிந்ததாகச் சொன்ன மற்றதைச் சாம்பலில் தேடினேன். பித்தளை எங்கே போகும், உருகினாலும் கட்டியாகக் கிடக்க வேண்டுமே. முழங்கை வரை கரியாகும்படி தேடினேன். அக்கா பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தார்.

“ரொம்பக் கிளறாதீங்க பாஸ், சாம்பல் கண்ணுல விழுந்துரும்.”

கிளாக்கர் ஒப்பீஸ்

அதற்குப் பிறகு ஒரு நாள் உண்மையைச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். பஸ்ஸில் வரும்போது வாக்கியங்களைக்கூட அடுக்கிக்கொண்டேன். அப்போது எனக்கு மூன்று பெண் பிள்ளைகள், மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது. இதை நான் சாக்காகச் சொல்கிறேனா, காரணமாகச் சொல்கிறேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. கிளாக்கர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார். கேட்டுவிட்டு, சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லி எழுந்து வந்தேன்.

“தப்பிச்சீங்க பாஸ். கரண்டுல புடிச்சிருந்தா இந்நேரம் நீங்க உள்ள இருக்கணும்.”

பிரேக் கம்பி

அன்றிலிருந்து போகிற வீடெல்லாம் உபதேசம் செய்கிற ஆளாகிவிட்டேன். வாசல் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போகாதீர்கள், உள்ளே படுத்திருப்பவர் எப்படி வருவார். விறகை வயருக்குக் கீழே அடுக்காதீர்கள். ஒரு பிளக்கில் நாலு சாமான் சொருகாதீர்கள். பாத்திரத்து எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தட்டால் மூடுங்கள். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். என் வீட்டிலேயே தலையாட்டுதல்தான் நடக்கிறது.

ஹல்துமுல்லையில் ஒரு வீட்டில் அடிக்கடி வயர் வாடை வருகிறது என்று கூப்பிட்டார்கள். பியூஸைப் பிடுங்கினேன். மெல்லிய கம்பி இருக்க வேண்டிய இடத்தில் சைக்கிள் பிரேக் கம்பியை இரட்டையாக முறுக்கிப் போட்டிருந்தார்கள். சுவரைத் தொட்டால் சூடு. பியூஸ் எரிந்துபோவதுதான் அதன் வேலை, அது எரியாவிட்டால் வீடு எரியும் என்று பொறுமையாகச் சொன்னேன். வீட்டுக்காரர் கடைசி வரை கேட்டுவிட்டு, என் வேலையையும் தன் மச்சான் வேலையையும் ஒப்பிட்டார்.

“நீங்க போட்டது மாசத்துக்கு மூணு தடவ போச்சு பாஸ். மச்சான் போட்டது இன்னிவரைக்கும் போகலையே!”

பாலன் குடில்

இன்னொரு தோட்டத்தில் கிறிஸ்மஸுக்கு முதல் நாள். சவரிமுத்து ஐயா வீட்டில் பாலன் குடில் கட்டியிருந்தார்கள். காய்ந்த மானாப்புல்லால் கூரை, உள்ளே பஞ்சு, சுற்றிலும் மினுக்குகிற சின்ன பல்பு மாலை. மாலையில் இரண்டு இடத்தில் வயர் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. குடும்பமே பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. பல்பை அணைத்துவிட்டுப் போங்கள் என்றேன். ஐயா முடியாது என்றார். நானும் விடவில்லை. ஒரு லயம் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவன் ஐயா என்று சொல்லும்போது எனக்கே குரல் உயர்ந்துவிட்டது. கண்ணால் பார்த்தவன் என்றேன், வேறெதுவும் சொல்லவில்லை. ஐயா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்ப ஏசு பாலன இருட்டுல போட்டுட்டுப் போங்கறீங்க?”

நான் மாலையைக் கழற்றி, புல்லில் படாமல் சுவரில் ஆணியடித்து மாட்டி, உரிந்த இடத்துக்கு டேப் சுற்றிக் கொடுத்தேன். பூசை முடிந்து அவர்கள் திரும்பும் வரை வாசலில் உட்கார்ந்திருந்தேன். எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை. திரும்பி வந்த ஐயா கேக்குத் துண்டை நீட்டிக்கொண்டே மருமகளிடம் சொன்னார்.

“பாவம், பயந்த மனுசன்.”

ஆட்டோக்காரர்

எரிந்தவர்களுக்குத் தகரக் கொட்டகைகள் போட்டுக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளைக்கு என்றார்கள், எட்டு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. பாக்கியம் அக்காவின் புருஷன் அந்தக் கொட்டகையில்தான் செத்தார். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை ஏதாவது சாக்கில் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வருவேன். ஒவ்வொரு தடவையும் சீனியைக் கையில் கொட்டி, அதை நக்கிக்கொண்டே குடிக்க வெறும் தேத்தண்ணி கொடுப்பார். தீயைப் பற்றிப் பேசவே மாட்டார். கொட்டகைகளில் அவருடையது மட்டும் தள்ளி, மேட்டில் இருந்தது. இடம் இல்லாமல் அப்படிப் போட்டார்கள் என்று நினைத்திருந்தேன். ஒரு மழை நாளில் ஆட்டோ பிடித்தேன். தீக்குப் பிறகு அந்தத் தோட்டத்துக்குக் கல்யாணம் செய்து வந்த இளைஞர் ஓட்டினார். பாக்கியம் என்றதும் அவருக்கு ஆள் தெரியவில்லை. அடையாளம் சொன்னேன்.

“அட, வெளக்குக்காரியா! ஆறு வீட்ட எரிச்சது அதுதானே. பக்கத்துல வச்சுக்க யாருக்கும் பயம், அதான் மேட்டுல தள்ளி வச்சிருக்காங்க.”

புது வீடு

இந்த வருஷம் அவர்களுக்குத் தனி வீடுகள் வந்துவிட்டன. கல் சுவர், வீட்டுக்கொரு மீட்டர், நடுவில் இடைவெளி. பாக்கியம் அக்கா ஆள் அனுப்பி, வயர் வேலைக்கு என்னைத்தான் வரச் சொன்னார். தீபாவளிக்கு இன்னும் நாலு நாள். மற்ற வீடுகளில் மாவிடிக்கிற சத்தம் கேட்டது. அக்கா வீட்டுக்கு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. முனியாண்டியின் மனைவி மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, அக்கா காதில் விழும்படி என்னிடம், “சாமி மூலையில பல்பு போட்டுக் குடுத்துருங்க பாஸ், நெருப்பு வேண்டாம்” என்றார். தன் புருஷனைக் காப்பாற்றிய அம்மா என்பதாலோ என்னவோ, அக்கா சிரித்தார்.

நான் ஏணியில் நின்று மெயின் பெட்டியை மாட்டிக்கொண்டிருந்தேன். அக்கா கீழே நின்று ஏணியைப் பிடித்திருந்தார். எழுபதை நெருங்குகிற கை, ஆனாலும் பிடி இறுக்கமாக இருந்தது. ட்ரிப் சுவிட்சை எடுத்து நீட்டினார். நான் கேட்கவே இல்லை. பையில் கிடந்த இருபது சாமானில் அது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“தானா விழுமே, அந்தச் சுவிச்சுதானே இது? இந்தத் தடவ யாரு வந்து கேட்டாலும் கழட்டிறாதீங்க.”

நான் கீழே இறங்கினேன். ஸ்குரூ டிரைவரைத் தரையில் வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாததுபோல உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். என் உள்ளங்கையில் சீனியைக் கொட்டினார். விளக்கு சேலையில் சுற்றியபடியே மூலையில் இருந்தது. வெளியே சின்னப் பிள்ளைகள் யாரோ வெளக்குக்காரி, வெளக்குக்காரி என்று கத்திக்கொண்டு ஓடினார்கள், அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்பது வருஷமாகப் பஸ்ஸிலும் ஏணியிலும் கட்டிலிலும் அடுக்கி வைத்த வாக்கியங்களில் ஒன்றும் எனக்கு ஞாபகம் வரவில்லை. இதுதான் வந்தது.

“அக்கா, நான்தான்னு தெரிஞ்சுக்கிட்டே, இத்தன வருசமா என் மூஞ்சியப் பார்த்து எப்படிக்கா தேத்தண்ணி குடுத்தீங்க?”