ஆணி முடுக்கிய சப்பாத்து

சுவீடனுக்குப் போகவிருக்கும் ஒரு பனிஸ்கூட்டரின் புது ரப்பர்ப் பட்டியில், பனிக்கட்டியில் வழுக்காமலிருக்க, துளையிட்டு ஆணி முடுக்கிக்கொண்டிருந்தேன். சூடேறிய ரப்பர் மணத்தில் கை நின்றுவிட்டது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. டேனிஷ் ஊரான விபோர்க்கில் அப்பாவும் நானும் மட்டும், அம்மா யாழ்ப்பாணத்தில். அம்மாவின் விசா விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அலுவலகப் பெண் புன்னகையோடு "ஸ்னார்ட்" என்பாள்; விரைவில் என்று பொருள். அப்பாவுக்கு டேனிஷ் விளங்காது. "கெதியிலயாம் அப்பா" என்று தமிழில் சொல்வது நான்தான்.

அதை நம்பி அப்பா அம்மாவுக்குச் சப்பாத்து வாங்கினார். ரப்பர் அடியில் துளையிட்டுக் குட்டி ஆணிகளை முடுக்கினார்.

"கொம்மாவுக்கு ஐஸிலை நடந்து பழக்கமில்லைப் பிள்ளை. விழுந்திடுவா."

இரண்டு பனிக்காலம் போயிற்று. அம்மா வரவில்லை. ஒருநாள் தொலைக்காட்சிச் செய்தியையும் நானே அப்பாவுக்குச் சொன்னேன்: தமிழரின் விசா விண்ணப்பங்களை அரசின் மேலிடமே வேண்டுமென்று நிறுத்தி வைத்திருந்ததாம்.

அப்பா திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அவள் சொன்னதை நீ சரியாத்தானே சொன்னனீ, பிள்ளை?"

இப்போது பட்டறை வாசலில் பனிஸ்கூட்டர்காரர் வந்து நின்று, வேலை எப்போது முடியும் என்று கேட்டார். இந்த நாட்டில் எல்லோரும் சொல்லும் அந்த ஒரு சொல் மட்டும் என் வாயில் வராது.

"வியாழக்கிழமை நாலு மணிக்கு" என்றேன்.