பத்துத் தோட்டாக் கனகசிங்கம்

2013.02.11 – துவக்கு 1, தோட்டா 10
2016.12.30 – தோட்டா 10
2020.12.29 – தோட்டா 10
2024.12.27 – தோட்டா 10
2025.02.08 – தோட்டா 9, வெற்றுக்கோது 1

இவை நாவற்குடாக் கனகசிங்கத்தின் துவக்கு அனுமதிப் புத்தகத்திலுள்ள பதிவுகள். இடையில் இன்னும் ஒன்பது வரிகள் உண்டு. எல்லாம் பத்துத்தான் என்பதால் இங்கே சேர்க்கவில்லை.

கனகசிங்கம் பஸ் டிப்போவில் டயர் ஸ்டோர் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி சீதேவிக்குச் சீதனமாக வந்த மூன்று ஏக்கர் வயல் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் கிடக்கிறது. அங்கே பன்றி இறங்குவதால் பயிர்க் காவலுக்கென்று துவக்குக்கு அனுமதி கிடைத்தது. பன்றி படுவான்கரையில் நின்றது. துவக்கோ பன்னிரண்டு வருடம் நாவற்குடாவில், கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது.

சந்தித் தேத்தண்ணிக் கடைக்கு இது தெரியாது. அங்கே துவக்கைப் பற்றிக் கனகசிங்கம் சொன்னதுதான் முடிவு. வெயிலில் காயவைத்த தோட்டா இரண்டு மடங்கு தூரம் போகும் என்பார். சைலன்சர் பூட்டினால் பூனை தும்மியது போலத்தான் கேட்குமாம். சுடுபவனைத் துவக்கின் உதை பத்தடி பின்னால் தூக்கி எறியுமாம். தான் ஒவ்வொரு முறையும் விழாமல் நின்றது உடம்பு வாகினாலாம். எல்லாவற்றிலும் பெரியது, தோட்டாவுக்குள் இருக்கும் சன்னக் குண்டுகள் வீச்சுவலை போல விரியும், ஆகவே குறி பார்ப்பது வீண் வேலை என்பது. வலை வீசும் ஊருக்கு அது உடனே பிடித்துப் போயிற்று. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

கேட்டது அனுமதி கொடுத்த காரியாலயம். சனவரி 20ஆம் திகதி கடிதம் வந்தது. பன்னிரண்டு வருடமாக ஒரு தோட்டாவும் செலவாகவில்லை, ஆகவே துவக்கின் தேவை என்ன? பக்கத்து வயல்காரரின் சாட்சிக் கடிதத்தோடு விளக்கம் தராவிட்டால் அனுமதி நீடிக்கப்படாது.

கனகசிங்கம் அதை மூன்று தரம் வாசித்தார். துவக்கு போனால் நெல்லுக்கு நட்டமில்லை. அது காத்த நெல் ஒரு மணியும் இல்லை. போவது கடை வாங்குப் பலகையில் அவருக்கென்று காலியாகக் கிடக்கும் இடம். துவக்கு இல்லாவிட்டால் அவர் வெறும் டயர் ஸ்டோர்க் கனகசிங்கம்.

ஆகவே சுடுவதென்று முடிவெடுத்தார். முற்றத்துப் பாயில், காய்ந்துகொண்டிருந்த மிளகாய்க்குப் பக்கத்தில், பத்துத் தோட்டாவையும் மூன்று நாள் காயவைத்தார்.

“இஞ்சேருங்க, மிளகாயோட சேத்து இடிச்சு வைக்கவா?” என்று கேட்டாள் சீதேவி. “பண்டிக்கு உறைப்பாவது இரிக்கும்.”

பெப்ரவரி 8, சனிக்கிழமை, பின்னேரம் நாலு பத்து. பக்கத்து வயல்காரர் ஏறாவூர் ஹமீட் வயல் வட்டையில் நின்றார். கனகசிங்கம் அவரைத் தன் பின்னால் நிற்கவைத்து, இரண்டு கையாலும் முதுகைத் தாங்கிப் பிடிக்கச் சொன்னார். பத்தடிக்கு அது காவல். ஹமீட் சிரிக்காமல் பிடித்தார்.

முப்பது எட்டு வைக்கும் தூரத்தில் பன்றி வரம்பேறியது. கனகசிங்கம் குறி பார்க்கவில்லை. வலை வீசுவதுபோல இடுப்பைத் திருப்பி, துவக்கை வீசிச் சுட்டார். பன்றி ஓடியது. ஐந்து நிமிடம் கழித்து நாலாவது வரம்பில் கிண்டத் தொடங்கியது.

“அண்ணன், நீங்க பறக்கல்ல,” என்றார் ஹமீட் பின்னாலிருந்து. “என்ட தண்ணி டேங்குதான் போயிட்டு.”

வரம்போரத்து நீல டேங்கின் ஏழு ஓட்டையால் தண்ணீர் பாய்ந்தது. ஒரு தோட்டாவில் சன்னம் ஒன்பது. பட்ட ஏழும் ஒரு சுளகு அகலத்துக்குள் அடங்கிக் கிடந்தன. கனகசிங்கம் சாண் வைத்து அளந்தார். மூன்று சாண்கூட வரவில்லை.

“இவ்வளவுதானா விரியிற?”

“வலையெண்டா அண்ணன், ஏழு ஓட்டையோட ஒரு மீனும் மிஞ்சாது.”

அனுமதியைக் காப்பாற்ற, யானையை விரட்டியதாக எழுதித் தரும்படி கனகசிங்கம் கேட்டார். டேங்குக்காரர் அசையவில்லை. “ஆனை வரல்லியே. நடந்தத எழுதித் தாறன். வேணுமெண்டா குடுங்க, வேணாமெண்டாக் கிழிங்க.” எழுதினார்: வெடி ஒன்று, பன்றிக்குக் காயமில்லை, டேங்கில் ஓட்டை ஏழு.

அந்தக் கடிதம் நாலு நாள் சட்டைப் பையில் கிடந்தது. அனுப்பாவிட்டால் துவக்கு போவது நிச்சயம். அனுப்பினால் பாதி நிச்சயம். பன்னிரண்டாம் திகதி பதிவுத் தபாலில் போட்டார். ஊர் வாயால் வருமுன் தன் வாயால் வரட்டும் என்று கடையிலும் உள்ளதைச் சொன்னார். வெயிலால் ஒன்றும் கூடவில்லை, ஆள் பறக்கவில்லை, விரிந்தது சுளகளவுதான்.

கடை அதைக் கேட்டு யோசித்தது. “மாமா, அப்ப உங்கட துவக்கிலதான் பிழை,” என்றான் ஓட்டோ ஓட்டும் ரதீஸ். “நல்லது ஒண்டு மாத்துங்க.” எல்லாரும் ஆமோதித்தார்கள். தான் கற்பித்த பாடத்தைத் தன்னாலேயே அழிக்க முடியாதென்று கனகசிங்கம் அன்றுதான் கண்டார்.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. காரியாலயம் சாட்சிக் கடிதத்தை ஒழுங்காக வாசித்திருந்தது. அனுமதி நீடிக்கப்படாது, துவக்கையும் ஒன்பது தோட்டாவையும் ஒப்படைக்கவும். அவர் அடுத்த திங்கட்கிழமையே கொண்டுபோய்க் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கினார். அவ்வளவு பயங்கரமான துவக்கை ஊருக்குள் விட்டுவைக்க அரசாங்கத்துக்குப் பயம் என்று கடை விளக்கம் சொல்லி, வாங்கில் அவருக்கு இடம் விட்டது. அவர் மறுக்கவில்லை; உட்கார்ந்தார்.

காரியாலயத்தின் அந்தக் கடைசிக் கடிதம் வந்த திகதி 2025.06.19, வியாழக்கிழமை.