அப்பாவின் தலையில் ஓடிய கரண்டு

எட்டாம் வகுப்புப் படிக்கும்போது என் தங்கைக்கு வலிப்பு வர ஆரம்பித்தது. வகுப்பிலேயே விழுவாள். யாராவது ஓடிப்போய்ச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் திணிப்பார்கள். இரும்பு பட்டால் அடங்கிவிடும் என்று எங்கள் பக்கத்தில் அத்தனை பேருக்கும் நம்பிக்கை. மூன்றாம் முறை விழுந்ததும் தலைமையாசிரியை அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"படிக்க அனுப்பலாம்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் பொண்ணு வீட்டுல இருக்கட்டும்."

அப்பா எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவர். எதிர்த்துப் பேசத் தெரியாது. அந்தக் குணம் எனக்கு வரவில்லை, ஆனாலும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். அவள் வீட்டில் உட்கார்ந்து என் ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களைப் படித்து முடித்தாள். இப்படியே விட்டால் அடுத்த வருஷம் அவளும் கரும்புக் கொல்லைக்குத்தான் போவாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

திருச்சியில் ஒரு டாக்டர், தலையில் ஒயர் வைத்துப் படம் எடுக்க வேண்டும், தலையை நன்றாக அலசிவிட்டு வாருங்கள் என்று நாள் குறித்துக் கொடுத்தார். சொன்னபடி அலசினோம். ஆனால் பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில் அம்மா உள்ளங்கை நிறைய எண்ணெய் எடுத்து அவள் தலையில் வைத்து அழுத்திவிட்டாள்.

"எண்ணெ காணாத தலையோட டவுனுக்குப் போனா ஆத்தா இல்லாத புள்ளன்னு நெனப்பாங்கடி."

ஆஸ்பத்திரியில் படம் எடுக்கிற பெண்மணி அவள் தலையைத் தொட்டுவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டார்.

"இதுல எப்படிம்மா பசை ஒட்டும்? இன்னொரு நாள் வாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "குழாய் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன்.

எதிர்க்கடையில் சோப்பு வாங்கி வந்து, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குழாயடியில் அவளைக் குனியவைத்துத் தேய்த்தேன். அப்பாதான் தண்ணீர் ஊற்றினார். காதில் போய்விடக்கூடாது என்று ஒரு கையால் அவள் காதைப் பொத்திக்கொண்டே ஊற்றினார். மூன்று முறை தேய்த்த பிறகுதான் அந்தப் பெண்மணி சரியென்று தலையை ஆட்டினார். அப்பா தன் துண்டாலேயே துவட்டிவிட்டார்.

ஒயர்களை ஒவ்வொன்றாக ஒட்ட ஒட்ட அப்பாவின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் நேராக டாக்டரிடம் போய்விட்டார்.

"அய்யா, கரண்ட மொதல்ல எனக்கு வச்சுப் பாருங்க. ஒண்ணும் ஆவலன்னா அப்பறம் புள்ளைக்கு வைங்க."

டாக்டர் பொறுமையானவர். "கரண்டு கொடுக்கல பெரியவரே. எல்லார் மூளையிலயும் சின்னதா கரண்டு ஓடுது. இவளுக்கு அது எப்படி ஓடுதுன்னு இந்த மெஷின் எழுதிக் காட்டும், அவ்வளவுதான். வெளிநாட்டுல மூளைக்கே கரண்டு கொடுத்து வலிப்ப நிறுத்தப் பாக்குறாங்க. அது இன்னும் சோதனையிலதான் இருக்கு."

அப்பா தன் தலையைத் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"என் தலையிலயும் ஓடுதுங்களா?"

"ஓடுது."

"அப்ப அத எடுத்து இவளுக்கு வச்சிடுங்களேன். கரும்பு வெட்ட எனக்கு எதுக்குங்க அது."

டாக்டர் சிரிக்கவில்லை. இந்த மனிதரைப் போய் வாயில்லாப்பூச்சி என்று எத்தனை நாள் திட்டியிருக்கிறேன்.

படத்தைப் பார்த்துவிட்டு, இவளுக்கு மாத்திரையே போதும், ஒரு நாளும் விடாமல் கொடுங்கள் என்றார் டாக்டர். தாராளமாகப் பள்ளிக்கூடம் போகலாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா அந்தக் கடிதத்தை என்னை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். தங்கை சும்மா இருக்கவில்லை.

"ஏம்ப்பா, உன் தலையில இருக்குறத எனக்கு வச்சிருந்தா நானும் உன்னோட கரும்பு வெட்டத்தானே வந்திருப்பேன்?"

அப்பா அவள் ஈரத் தலையைத் தொட்டுப் பார்த்தார்.

"அதனாலதான் டாக்டரு வைக்கல. நீ திங்கக்கெழம பள்ளிக்கொடம் போ."