வார்ப்பிரும்பு அடுப்பும் ஒரு டப்பா சாம்பலும்

அடுப்பைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக் கயிறும் கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் எனக்குப் போன் வந்தது.

"அண்ணே, ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லிட்டுப் போங்க" என்றார் ரஹ்மத். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்க்கக் கூப்பிடுகிற கதைதான். திட்டிக்கொண்டே சைக்கிளை எடுத்தேன்.

நான் மண்டபம் கடற்கரையில் போட் இன்ஜின் ஃபிட்டராக இருந்து ஓய்ந்தவன். வார்ப்பிரும்பு எங்கே விரிசல் விடும், அதை எதை வைத்து அடைத்திருப்பார்கள் என்று பார்த்தே காலம் போனது. அதனால் யார் பழைய இரும்பு வாங்கினாலும் என்னை இழுத்துக்கொண்டு போவார்கள். இப்போது பட்டறை வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக அந்த ஒரு நாளை எழுதி வைக்கிறேன்.

ரஹ்மத்தின் கணவர் சவூதியில் இடுப்பை உடைத்துக்கொண்டு வந்து படுத்துவிட்டார். குடும்பம் ஓட வேண்டுமே. ரஹ்மத் ஜெட்டி பக்கம் மீன் சாப்பாட்டு மெஸ் போட இடம் பிடித்திருந்தார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டுகள் கடலில் இறங்கும் அன்றே கடை திறந்தாக வேண்டும். போட்டுக்காரர்கள் அன்றைக்கு எங்கே கை நனைக்கிறார்களோ, வருடம் முழுக்க அங்கேதான் சாப்பிடுவார்கள். அந்த நாளும் நெருங்கிவிட்டது. கேஸ் வாங்கிக் கட்டுப்படியாகாது. கருவை விறகு கிடைக்கிறது. வேண்டியது ஒரு நல்ல அடுப்பு.

விற்கிறவர் மீன் வலை பழுதுபார்க்கும் கொட்டகை வைத்திருக்கும் முனியசாமி; வண்டியும் அவர் கொட்டகை வாசலில்தான் நின்றது. கொடைக்கானல் பங்களாவில் கிடந்த அடுப்பு, மதுரைப் பழைய இரும்புக் கடை வழியாக அவரிடம் வந்திருந்தது. நான்கு கால், முன்பக்கம் கதவு, மேலே இரண்டு சட்டி வைக்கும் வாய். புதிதாகக் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தார். புது பெயிண்ட்டைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம்.

ஸ்பேனரால் நாலு பக்கமும் தட்டினேன். டங் டங்கென்று மணி மாதிரி பேசியது. விரிசல் இருந்தால் டப்பென்று செத்த சத்தம் வரும். சந்தேகப்பட்ட மூலைகளில் பெயிண்ட்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவினேன். விரிசலுக்குள் எண்ணெய் போயிருந்தால் பொடியில் கோடு ஊறும். ஊறவில்லை. உள்ளே டார்ச் போட்டுக் கதவைச் சாத்தினேன். வெளிச்சம் கசியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நானே வாங்கிக்கொள்ளலாமா என்று ஆசை வந்தது.

"பாத்தீகளா? தங்கம்ணே" என்றார் முனியசாமி.

கடைசியாக, விறகு எரியும் கம்பித்தட்டைத் தூக்கினேன். அது உட்காரும் பள்ளத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ உருண்டு உறைந்திருந்தது. கத்தியை வைத்தேன், வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டது. வெட்டிய முகம் பளபளத்தது. தாளில் இழுத்தேன். பென்சில் கோடு மாதிரி விழுந்தது.

"இதுல காரீயம் உருக்குனியா?"

"போன சீசன் வரைக்கும் வலை முங்குறதுக்கு ஈயக்குண்டு வார்த்தோம். அதுக்கென்னண்ணே? அதுக்கப்புறம் எத்தன தடவ விறகு எரிச்சாச்சு. எல்லாம் எரிஞ்சு போயிருக்கும்."

"ஈயம் என்ன காயிதமா எரிஞ்சு போறதுக்கு? அது வெசம், இதுல சமைக்கக் கூடாது. எறக்குங்க."

ரஹ்மத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. "சட்டி மேலதானண்ணே இருக்கப் போகுது? சோத்துக்குள்ள எப்புடிப் போகும்? இத விட்டா நான் எங்கன போவேன்? அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுங்க, நீங்க ரொம்பத்தான் பயங்காட்டுறீக."

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அந்தப் பெண்ணின் நிலைமை தெரியும். கை கழுவலாம் என்று திரும்பினேன். கொட்டகைக்குப் பின்னால், தண்ணீர்க் குழாயடியில், முனியசாமியின் மனைவி செல்வி விலாங்கு மீன் அறுத்துக்கொண்டிருந்தார். வழுவழுப்புப் போக ஒரு பால் டப்பாவிலிருந்து சாம்பலை அள்ளி மீன்மேல் தேய்த்தார். பக்கத்தில் சோற்றுப் பானையும் தட்டுகளும் விளக்குவதற்காகக் கவிழ்ந்து கிடந்தன.

"தாயி, அந்தச் சாம்பல் எங்கன எடுத்தது?"

"இந்த அடுப்புலதாண்ணே. எப்பவும் இதுதான். பாத்திரம் வெளக்கவும் இதுதான்."

பின்னாலேயே வந்த ரஹ்மத்துக்கும் முனியசாமிக்கும் கேட்கும்படி, "அந்த அடுப்புல உருக்குன ஈய வெசம் இந்தச் சாம்பல்லயும் இருக்கும் தாயி" என்றேன். செல்வி எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். விலாங்கு கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. "அப்ப நாங்க இம்புட்டு நாளாத் தின்னது?" என்றார்.

வண்டியில் கட்டிய கயிற்றை ரஹ்மத்தே போய் அவிழ்த்தார்.

ரஹ்மத் மண் அடுப்பு போட்டுத்தான் கடை திறந்தார். ஈரம் காயாத அடுப்பு, ஒரே புகை. முதல் நாள் சோறு குழைந்துவிட்டது. போட்டுக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே தின்றார்கள், மறுநாளும் வந்தார்கள். கடை இன்றும் ஓடுகிறது.

முனியசாமி பிள்ளைகளை மதுரைக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்துப் பார்த்தார். சின்ன மகளின் ரத்தத்தில் ஈயம் இருந்தது. அவளுக்கு அடிக்கடி வயிற்றுவலி வரும், பூச்சி என்று மருந்து கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பல மாதம் ஆஸ்பத்திரிக்கு அலைந்தார்கள். இப்போது பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள். எனக்கு அதில் பெரிய நிம்மதி.

பழைய அடுப்பு பார்க்கப் போனால் விரிசல் பாருங்கள், கதவு பாருங்கள். அதோடு, இதுவரை இதில் என்ன காய்ச்சினீர்கள் என்று கேளுங்கள். விற்கிறவரை மடக்குவதற்காக அல்ல. அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

போன மாதம் ரஹ்மத் கடையில் முனியசாமி என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"அண்ணே, அன்னைக்கு ரஹ்மத்து ஒங்களக் கூப்புடாமலே அடுப்பக் கொண்டு போயிருந்தா, நல்லபடியா வித்துட்டோம்னு சந்தோசமா இருந்திருப்பேன். அடுப்புதான் போயிருக்கும், டப்பா நெறையச் சாம்பல் எங்க வீட்டுலதான இருந்துச்சு, அத வச்சே வெளக்கித் தின்னுக்கிட்டு இருந்திருப்போம்."